அஸ்தமனத்துக்குள் இரண்டு குளியல்

தென்காசியில் சூரியன் முழுசாக மறைந்து யாரும் பார்த்ததில்லை. ஐந்தரை மணிவாக்கில் அது மலைக்கு மேலே நிற்கும், கொஞ்ச நேரத்தில் மலை அதை வாங்கி வைத்துக்கொள்ளும், அதோடு சரி. அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளிச்சம் கிடக்கும். அந்த நேரமெல்லாம் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ காட்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு மட்டும் பாதியிலேயே திரை போட்டாகிவிட்டது. இது என் அம்மாவுக்குப் பல வருஷத்துக் குறை என்று அவள் ஓய்வுபெற்ற அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது.

அம்மா ஆலங்குளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தாள். தினமும் பஸ். காலையில் கிழக்கே போகிற பஸ், அதனால் முகத்துக்கு நேரே வெயில். சாயங்காலம் மேற்கே திரும்புகிற பஸ், அப்போதும் முகத்துக்கு நேரே வெயில். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அவள் சூரியனோடு பயணம் செய்திருக்கிறாள். ஓய்வுபெற்ற அன்று மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவளிடம் சித்தப்பா கேட்டார்.

"மதினி, என்ன வேணும்னு சொல்லுங்க. வளையலா, பட்டா? அண்ணன் வாங்கித் தராட்டா நான் வாங்கித் தாரேன்."

அம்மா யோசிக்கவே இல்லை. "கடல்ல சூரியன் முங்குறத ஒரு தடவ பாக்கணும்."

அப்பா சிரித்தார். "திருச்செந்தூர்ல பாக்காத கடலாக்கும்?"

"அங்க எந்திரிக்கத்தான செய்யும்? முங்கவா செய்யும்? பாவூர்சத்திரம் தாண்டுனா தினமும் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கும். வீட்டுக்கு வந்து பைய வைக்கதுக்குள்ள மலைக்குப் பின்னால போயிரும். அங்கன போயி அது என்னதான் செய்யிதுன்னு பாக்கணும்."

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். காரில் மூன்றரை மணிநேரத்தில் வர்க்கலைக் கடற்கரை. வழியில் தென்மலை, அங்கே காட்டுப் பூங்கா, தொங்குபாலம், மான், பட்டாம்பூச்சி எல்லாம் உண்டு. மலையும் கடலும் ஒரே நாளில். நான் அங்கேயே, கையில் கேசரித் தட்டை வைத்துக்கொண்டே, போனை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். நான் புவியியலில் முதுகலை படித்தவள். ஆசிரியர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. சும்மா இருக்கிற புவியியல்காரியின் கையில் வரைபடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் தடுக்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஜூலை என்று யாரும் முடிவுசெய்ததாக நினைவில்லை. எங்கள் ஊரில் லீவு என்றால் சீசன், சீசன் என்றால் ஜூலை, அவ்வளவுதான். சாரல் விழ ஆரம்பித்ததும் ஊரே லேசாக மிதக்கும். வழியில் பார்ப்பவர்கள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். ஊர் ஊராக மக்கள் குற்றாலத்துக்கு வந்து இறங்கும் மாதத்தில் நாமும் எங்கேயாவது போகலாம் என்பதுதான் எங்களுக்குத் தோன்றும்.

என் அட்டவணை இப்படி: காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. எட்டுக்குத் தென்மலை. பதினொன்றரைவரை பூங்கா. ஒரு மணிக்குச் சாப்பாடு. மூன்றரைக்கு வர்க்கலை. அஸ்தமனம் ஆறே முக்கால் வாக்கில் என்று போன் சொன்னது. மூன்று மணிநேரம் கையிருப்பு. எதற்கு இவ்வளவு கையிருப்பு என்று சித்தி கேட்டாள். "நம்ம ஆளுங்கள எனக்குத் தெரியும் சித்தி" என்றேன். தெரியவில்லை. மூன்று மணிநேரம் போதாது என்பது எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். தலையிலிருந்து எண்ணெய் காதுவழியாக வழிந்துகொண்டிருந்தது. இடுப்பில் துண்டு.

"என்னப்பா இது?"

"ஐந்தருவில நல்லா விழுதாம். ஒரு முங்கு முங்கிட்டுப் போயிருவோம். போற வழிதான?"

"போற வழி இல்லப்பா அது. நேரா செங்கோட்ட ரோடு."

"குத்தாலம் சுத்திப் போனா போற வழிதான்ட்டி."

வாசலில் சித்தப்பாவின் கார் வந்து நின்றது. அவர் போலீஸில் இருக்கிறார், நேரம் தவறாதவர், அவரிடம் முறையிடலாம் என்று ஓடினேன். அவர் தலையிலும் எண்ணெய். இரண்டு பேரும் முந்தின நாளே பேசிவைத்திருக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க்காரர்களிடம் உள்ள ஒரு கோளாறு. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குளிக்காமல் போவது அவர்களுக்கு மரியாதைக்குறைவு. கல்யாண வீட்டில் சாப்பிடாமல் திரும்புகிற மாதிரி. போகிற இடம் அவசரமா, ஆஸ்பத்திரியா, கடலா என்பதெல்லாம் இரண்டாவது.

சனிக்கிழமை, சீசன், ஐந்தருவி. வரிசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. "நீங்கதான் போலீஸாச்சே, முன்னால போங்களேன்" என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "யூனிபார்ம் இல்லாதப்பம் நானும் பப்ளிக்தான்" என்றார். இப்படியொரு நேர்மை அன்றைக்குத்தான் வர வேண்டுமா? பெண்கள் பக்கத்து அருவிக்குச் சித்தியும் கிளம்பினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் போனேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பது என்னால் ஆகிற காரியமில்லை. அம்மா மட்டும் இறங்கவில்லை. புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"நான் சாயங்காலம் கடல்ல கால நனைச்சிக்கிடுதேன். நீங்க போயிட்டு வாங்க. மணி என்ன?"

"ஆறே முக்கால்மா. நேரம் இருக்கு."

திரும்பி வரும்போது எட்டேகால். வந்தவுடன் எல்லாருக்கும் பசி. அருவியில் குளித்த பசி ஒத்திப்போடக்கூடிய பசி அல்ல. வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லிகள் மத்தியானத்துக்கு என்று நான் எழுதிவைத்திருந்தேன். கார் பானெட்டின்மேல் வாழையிலையை விரித்து அத்தனையையும் அங்கேயே தீர்த்தார்கள். என் அட்டவணையில் 'சாப்பாடு' என்ற கட்டம் அநாதையாக நின்றது.

புளியறை சோதனைச் சாவடியில் இன்னொரு இருபது நிமிடம். அப்பா மிச்ச எண்ணெயை ஒரு குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிப் பின்சீட்டின் அடியில் வைத்திருந்தார். சோதனைக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். "இது என்னது?"

"நல்லெண்ண சார்" என்றார் அப்பா.

"குவார்ட்டர் பாட்டில்ல நல்லெண்ணயா?"

"பாட்டில் அளவு கரெக்டா இருந்துச்சு."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தார். தான் எந்தத் துறை என்று அப்போது அவர் சொல்லவே இல்லை. சோதனைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து, விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்து, கடைசியில் சிரித்துவிட்டார். "குளிக்கப் போறியளா? பாலருவிலயும் நல்லா விழுதாம்" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

பாலருவி ஆரியங்காவுக்குப் பக்கத்தில், காட்டுக்குள். நம் காரைக் கொண்டுபோக முடியாது. கீழே நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏறிப் போக வேண்டும், அந்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், திரும்பி வரவும் காத்திருக்க வேண்டும். நான் இதையெல்லாம் சொன்னேன். மடியில் போனை வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கோடு சொன்னேன்.

"இப்பம்தான குளிச்சிய? ரெண்டு மணிநேரம் ஆகல!"

"அது ஐந்தருவிட்டி" என்றார் அப்பா, ஏதோ நான் இரண்டையும் குழப்பிக்கொண்டதுபோல.

"ஒரே மலைத் தண்ணிதான அண்ணே" என்றார் சித்தப்பா. "நம்ம பக்கம் விழுதது போக மிச்சம் இங்கன விழுது. பாத்துட்டுப் போகாட்டா எப்படி?"

"அம்மாவுக்காகத்தான வந்தோம்?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல்வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவாய் தாண்டியதிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. "குளிச்சிட்டு வரட்டும். ஆசப்படுதாவல்லா. ஏட்டி, இங்க மழை விடாது போலுக்கே?"

"மலையில அப்படித்தாம்மா இருக்கும். கீழ எறங்குனா விட்டுரும்."

எங்கள் ஊரில் அப்படித்தான் விடும். சாரல் அடிக்கும், பத்து நிமிடத்தில் வெயில் அடிக்கும், வெயில் அடிக்கும்போதே மறுபடி சாரல். அதை நம்பித்தான் சொன்னேன். அப்படி ஒரு உறுதியோடு சொன்னேன்.

பாலருவியைவிட்டு வெளியே வரும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. ஈரத்துண்டுகளை ஜன்னல் கண்ணாடியில் இடுக்கி வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். மழைக்குள் துண்டு காயப்போடுகிற குடும்பத்தை எதிரே வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தென்மலைப் பூங்கா என் பங்கு. அதை நான் விடுவதாயில்லை. மூன்றரை மணிநேரத்தை ஒன்றரையாக வெட்டினேன். சீட்டு வாங்கி, எல்லாரையும் குடைக்குள் தள்ளி, தொங்குபாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பாலம் ஆடியது. சித்தி நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன், நீங்க எல்லாம் நல்லா இருங்க" என்றாள். பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே காத்து நின்றது. சித்தப்பா போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. கீழே, அணையிலிருந்து வருகிற ஆற்றை அப்பா பார்த்துவிட்டார்.

"இதுல எறங்க விடுவாங்களா?"

"விட மாட்டாங்கப்பா!"

"கேட்டாத்தான தெரியும்?"

அவர் போய்க் கேட்டார். காவலாளி மலையாளத்தில் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூட எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பா திரும்பிவந்து, "நல்ல மனுசன், ஆனா கண்டிஷன்" என்றார்.

பட்டாம்பூச்சித் தோட்டத்தில் ஒரு பட்டாம்பூச்சிகூட இல்லை. பெயர்ப்பலகைகளில் மட்டும் படமாக இருந்தன. நான் ஒவ்வொரு பலகையாக வாசித்துக் காட்டினேன். என்ன வகை, எந்தச் செடியில் முட்டையிடும், இறக்கை எவ்வளவு அகலம். மழை குடையில் கொட்டுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வாசித்தேன்.

"பூச்சி எங்க?" என்றாள் சித்தி.

"மழைன்னா வெளிய வராது சித்தி."

"அதுகளுக்கு இருக்குற அறிவு" என்று சித்தி தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மணி என்னட்டி?"

"ஒன்னே முக்கால். நேரம் இருக்கும்மா, கவலைப்படாத."

கவலைப்பட்டது நான். அம்மா கேட்பாள், நான் சொல்வேன், அவள் தலையாட்டுவாள். அவ்வளவுதான் அவள் அன்றைக்குப் பேசியதே. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் அப்பாவும் சித்தப்பாவும் அடங்கியிருப்பார்கள். அவள் திட்டமாட்டாள், அதனால் அவளுக்கும் சேர்த்து நான் திட்டிக்கொண்டு வந்தேன்.

புனலூருக்கு முன்னால் ஒரு ஓட்டலில் சாப்பாடு. கேரளத்துக் கொட்டை அரிசிச் சோறு. அப்பா ஒவ்வொரு பருக்கையாக உருட்டிப் பார்த்து, "வேகல" என்றார். வெந்ததுதான், அந்த அரிசியே அப்படித்தான் என்று சித்தி சொன்னாள். வேகாததற்கும் வெந்ததற்கும் அவர்கள் விவாதம் நடத்த, மூன்றேகால் ஆனது. அஞ்சல் தாண்டியதும் ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் சித்தப்பா வண்டியை நிறுத்தினார்.

"ஒரு அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிடுதேன்."

"எண்ண தேச்சுக் குளிச்சிட்டுப் பகல்ல தூங்கப்பிடாது!" என்றாள் சித்தி.

"தூங்கல. கண்ணத்தான் மூடுதேன்."

நாற்பது நிமிடம் கண்ணை மூடினார். வாயைத் திறந்து மூடினார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், உரிமமும் இருக்கிறது. சாவியைக் கேட்டேன். "மலையாள ரோட்டுல பொம்பளப்பிள்ளட்ட குடுக்க முடியாது" என்று, தூங்காத அந்த மனிதர், கண்ணைத் திறக்காமலே சொன்னார். அப்பா முன்சீட்டில் ஏற்கெனவே வேறு உலகத்துக்குப் போயிருந்தார். நான் மழையில் இறங்கி நின்று ரப்பர் மரங்களை எண்ணினேன். எண்ணூறு ரப்பர் மரங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயூருக்கு அப்பால் ஒடுக்கமான வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஐந்து மணி. இரண்டு பக்கமும் வண்டிகள். நான் கதவைத் திறந்து குதித்தேன். எனக்கு மலையாளம் வராது, ஆனால் கோபத்தில் எல்லா மொழியும் வரும். பின்னால் நின்ற பைக் ஓட்டிகளைத் தள்ளிப்போகச் சொல்லி, எதிரே வந்த ஜீப்பைக் கல்லில் ஏற்றி ஒதுங்கவைத்து, கையை ஆட்டி ஆட்டி லாரிக்கு வழி பண்ணினேன். திரும்பி வந்து ஏறியதும் சித்தப்பா பெருமையாகச் சொன்னார், "டிராபிக்ல சேந்துரு தாயி. டீச்சர் வேலையெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

"பேசாம ஓட்டுங்க சித்தப்பா."

அதன்பிறகு அவர் ஓட்டினார். அதையும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் விழித்திருந்தால் ஓட்டுவார். ஆறு பத்துக்கு வர்க்கலையில் வண்டி நின்றது. அஸ்தமனத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். இரண்டு குளியல், ஒரு தூக்கம், ஒரு சோற்று விவாதம், ஒரு லாரி, அத்தனையையும் தாண்டி முப்பத்தைந்து நிமிடம் முன்னதாக! நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாறைமேட்டின் விளிம்புக்கு ஓடினேன். "பாத்தியா, சொன்னம்லா, நேரம் இருக்குன்னு!"

கீழே கடல் இருந்தது. மேலே வானம் இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. சாம்பல், சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல், அதற்குள்ளிருந்து மண்நிறத்தில் அலை புரண்டு வந்து அடித்தது. மழை பக்கவாட்டில் வீசியது. கரையெங்கும் சிவப்புக் கொடி.

சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். அப்போதுதான், அந்த முள் ஆடி ஆடி நிற்கிற நேரத்தில், எனக்குப் புரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று. படம் வரைந்து பாகம் குறி. அரபிக்கடலிலிருந்து ஈரக்காற்று வந்து மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடும். மிச்சம் மீதிதான் கணவாய் வழியாக நம் பக்கம் சாரலாக வரும். பள்ளியில் எழுதியிருக்கிறேன், கல்லூரியில் எழுதியிருக்கிறேன், ஆசிரியர் தேர்வில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நமக்குச் சீசன் என்றால் இவர்களுக்கு அடைமழை. சாரல் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கே, அது வருகிற மாதத்திலேயே, சூரியனைக் காட்ட அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். காலையிலிருந்து பத்துத் தடவை கடிகாரத்தைப் பார்த்தவள் ஒரு தடவை வானத்தைப் பார்க்கவில்லை. வைப்பர் பாலருவிக்கு முன்னாலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கட்டி?" என்றாள் அம்மா.

"இந்தப் பக்கந்தாம்மா. மேகம் இருக்கு. வெலகும்."

விலகாது. அதை நான் மதிப்பெண் வாங்கிப் படித்திருக்கிறேன்.

இதற்குள் கீழே விசில் சத்தம். அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், துண்டு தோளில். கடற்கரைக் காவலர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து வழியை மறித்தார்.

"கேறிப் போ! கேறிப் போ! கடலில் இறங்ஙான் பாடில்ல!"

"நாங்க குத்தாலத்துக்காரங்க தம்பி" என்றார் அப்பா பெருந்தன்மையாக. "தண்ணி எங்களுக்குப் புதுசா?"

"குற்றாலத்தில் தண்ணி மேலேந்து வரும். இவிடெ அடியிலேந்து வலிக்கும், உள்ளே இழுக்கும். மனசிலாயோ?"

சித்தப்பா இடையில் புகுந்தார். "சார், நானும் டிபார்ட்மெண்ட்தான்." அப்பாவை விடச்சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் தோளைப் பிடித்து, "அண்ணே, இந்தத் தம்பி சொல்லுதது ரைட்டு. வாங்க, மானம் போவுது" என்று கரைக்குத் திருப்பினார்.

பாறைமேட்டில் ஒரு டீக்கடை திறந்திருந்தது, தார்ப்பாயின் கீழே. அம்மா அங்கே போய் நின்றாள். புதுச்சேலையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கடைக்காரப் பெண்ணிடம் கையால் கடலைக் காட்டி, "சூரியன் எங்கன முங்கும்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். "சூர்யாஸ்தமயமோ? இப்போழோ? ஈ கர்க்கடகத்திலோ?" என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தமிழுக்கு மாறினாள். "மழக்காலத்துல காணாது சேச்சி. டிசம்பர், ஜனவரியில வா. நல்லா காணும்."

"இங்க உள்ளவங்க யாரும் இப்பம் பாக்க வர மாட்டாங்களோ?"

"ஆரு வரும்?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்குக் கோபம் வந்ததைப் பார்த்தேன். அது அப்பாமேல் இல்லை.

"நீ இதத்தான ரெண்டு வருசம் மெட்ராஸ்ல தங்கிப் படிச்ச?"

நான் போனில் திறந்திருந்த திசைகாட்டியை மூடினேன்.

"அவங்க குளிக்காங்க, தூங்குதாங்க. அவங்கள எனக்குத் தெரியும். நீ மணிக்கு மணி நேரம் இருக்கு நேரம் இருக்குன்ன. நானும் நம்பிக்கிட்டு ஒக்காந்திருந்தேன், அருவிலகூட எறங்காம."

ஆறே முக்கால் ஆனது. சாம்பல் ஒரு பிடி கறுத்தது. அவ்வளவுதான் நடந்தது. அப்பா டீயைக் குடித்துவிட்டு, "முங்கியிருக்கும். கெளம்புவமா?" என்றார். "கொஞ்சம் இருங்க" என்றாள் அம்மா. முழுதாக இருட்டும்வரை அந்தத் தார்ப்பாயின் கீழ் நின்றாள். சித்தப்பா சாவியைக் கையில் வைத்துக் கிலுக்கினார். அவள் திரும்பவில்லை. அதன்பிறகு யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

திரும்புகிற வழியில் நான் பின்சீட்டில் ஜனவரி மாதத்து அஸ்தமன நேரங்களைத் தேட ஆரம்பித்தேன். "தை மாசம் போவோம்மா. இந்தத் தடவ நான் சரியா..."

"போன கீழ வைய்யி" என்றாள் அம்மா. "நான் போய்க்கிடுவேன். ஆபீஸ்ல எங்கூட ரிட்டையர் ஆனவ ஒருத்தி வீட்ல சும்மாதான் இருக்கா. அவளும் நானும் ரயில்ல போயிட்டு வாரோம். நீங்க யாரும் வரவேண்டாம்."

"நானுமா?"

"நீதான் மொதல்ல."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மா எங்கேயும் தனியாகப் போனதில்லை, ஆலங்குளத்தைத் தவிர. பொங்கல் கழிந்து பத்து நாளில், காலையில் எழுந்து பார்த்தால் அடுக்களையில் எங்களுக்குச் சோறும் குழம்பும் மூடிவைத்திருந்தது, அம்மா இல்லை. அப்பா முற்றத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "வர்க்கலைக்குப் போயிருக்கா. அங்கன ஒரு நாள் தங்குதாளாம்" என்றார், ஏதோ மார்க்கெட்டுக்குப் போயிருப்பதுபோல. எந்த வண்டி, எங்கே தங்குகிறாள், மேகம் இருக்கிறதா பார்த்தாளா, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. நான் நான்கு தடவை போன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்து, "இப்பம் பேசாத" என்று வைத்துவிட்டாள். மணியைப் பார்த்தேன். ஆறு இருபது.

மறுநாள் மத்தியானம் வந்தாள். செருப்பில் மணல், முகம் வெயிலில் கறுத்திருந்தது. நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"போட்டோ?"

"எதுக்கு?"

"எதுக்கா? எப்படிம்மா இருந்துச்சு, சொல்லேன்!"

அம்மா கால் கழுவினாள், பொறுமையாக, விரலிடுக்கு விரலிடுக்காக. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"ரொம்ப நேரம் அப்படியே நிக்கிட்டி" என்றாள் கடைசியில். "நின்னுக்கிட்டே இருக்கும், நாம பேசிக்கிட்டே இருக்கலாம். ஆனா தண்ணியத் தொட்டுச்சுன்னா பொசுக்குன்னு போயிருது. எங்கூட வந்தவ அந்த நேரம் பாத்துக் கண்ணாடியக் கழத்தி முந்தானையில தொடச்சிக்கிட்டிருந்தா. மாட்டிப் பாத்தா, இல்ல. அவ பாக்கவே இல்ல. ராத்திரி பூரா ஒரே பொலப்பம். அடுத்த மாசம் மறுபடியும் போணும், அவளுக்காக."

"நானும் வரட்டுமா?"

அம்மா துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். "அவள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.